மீனுக்குள்ள இருக்கற மிக்ஸோசோவா: எந்த வகை, எந்த வம்சம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிக்ஸோசோவான்னா என்ன? கண்ணுக்குத் தெரியுமா?

மீனோட உடம்புல ஒட்டுண்ணியா வாழற குட்டி உயிரிக் கூட்டம். தனியா தெரியாது, கூட்டமா இருந்தா தெரியும். கட்லா மீனோட செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்க, சில மீன்ல சிவப்பு இழைங்களுக்கு நடுவுல கசகசா ஒட்டின மாதிரி வெள்ளையா புள்ளி புள்ளியா இருக்கும், சிலதுல கடுகு சைஸ் வரைக்கும் கூட வளர்ந்திருக்கும். அதுல ஒண்ணை ஊசியால நோண்டி ஸ்லைடுல வச்சு ஒரு சொட்டு தண்ணி விட்டு கவர் ஸ்லிப்பால அமுக்கினா பால் மாதிரி பரவும், அதை 40 லென்ஸ்ல பார்த்தா பூசணி விதையைக் கொட்டி வச்ச மாதிரி ஆயிரக்கணக்குல ஸ்போர், அதாவது அது பரவறதுக்குப் போடற விதை மாதிரி. ஒவ்வொண்ணோட கூரான முனையிலயும் ரெண்டு பளபளப்பான குடுவை பக்கத்துல பக்கத்துல இருக்கும், பார்த்தா ரெண்டு கண்ணு முழிச்சுப் பாக்கற மாதிரியே இருக்கும். நான் எம்.எஃப்.எஸ்சி (மீன்வள முதுகலை) படிக்கறப்ப முதல் தடவை பார்த்துட்டு நிஜமாவே கண்ணுதான்னு நெனச்சேன்.

ஒரு ஸ்போர் பெரும்பாலும் 10லேருந்து 20 மைக்ரான் நீளம்தான், அஞ்சாறு ஸ்போரை வரிசையா வச்சாத்தான் ஒரு தலைமுடி தடிமன் வரும். இந்த ஸ்போரை உண்டாக்கற ஒட்டுண்ணிக் கூட்டத்துக்குத்தான் மிக்ஸோசோவான்னு பேரு.

மீனுக்கு வர்ற வெள்ளைப் புள்ளி நோயும் இதுதானா?

இல்லவே இல்ல, ஆனா இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வரும். அக்வேரியத்துல மீன் மேல உப்பு தூவின மாதிரி வருதே அது இக்தியோஃப்தீரியஸ், அது சிலியேட், அதாவது உடம்பெல்லாம் மயிர் மாதிரி சிலியா வச்சுக்கிட்டு உருள்ற ஒரு செல் உயிரி. வட்டத் தட்டு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கற டிரைகோடைனாவும் சிலியேட்தான். கடல் மீனுக்கு வெல்வெட் நோய் குடுக்கற அமைலோடினியம் டைனோஃப்ளாஜெல்லேட். க்ளூஜியா மாதிரி மைக்ரோஸ்போரிடியா இருக்கே, அது பூஞ்சைக் குடும்பத்துப் பக்கம் போயிடுச்சு. மிக்ஸோசோவா மட்டும் இதுல விலங்கு. ஆமா, நாய் பூனை நம்மள மாதிரி விலங்குதான், கீழ சொல்றேன்.

மைக்ரோஸ்போரிடியாவையும் மிக்ஸோசோவாவையும் ரொம்ப நாள் ஒரே டப்பாவுல போட்டு வச்சிருந்தாங்க, ரெண்டுமே ஸ்போர் போடுது, ரெண்டு ஸ்போருக்குள்ளயும் சுருட்டி வச்ச ஒரு நூல் இருக்குன்னு. அந்த நூல் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம தனித்தனியா வந்தது. வகைப்பாட்டுல இந்த மாதிரி ஏமாந்தது இது முதல் தடவையும் இல்ல கடைசி தடவையும் இல்ல.

ஜெல்லிமீனுக்கு சொந்தம்னு சொல்றாங்களே, நம்பலாமா?

நம்பலாம். கடல்ல குளிக்கறப்ப சொறி பட்டு அரிச்சிருக்கும் இல்ல, அந்தக் கொட்டற செல்லுக்குள்ள ஒரு குடுவை, அதுக்குள்ள சுருட்டின குழல், தொட்டா அந்தக் குழல் உள்வெளியா புரண்டு பாஞ்சு வரும். நான் மேல கண்ணு மாதிரின்னு சொன்னேனே, மிக்ஸோசோவா ஸ்போர்ல இருக்கற அந்த போலார் கேப்சூல் அச்சு அசல் அதே அமைப்பு. ஸ்பிரிங் மாதிரி குழல் சுருண்டிருக்கறதை நல்ல லென்ஸ்ல எண்ணவே முடியும். இது மீனுக்கும் புழுவுக்கும் மாறி மாறி வாழும், அந்தக் கதை கீழ வரும். ஸ்போர் சரியான புழுவோட குடலுக்குள்ள போனதும் குழல் வெடிச்சு வெளிய வந்து குடல் சுவத்துல நங்கூரம் போடும், ஸ்போரோட ஓடு ரெண்டும் சேர்ற பொருத்துவாய்ல பிளக்கும், உள்ள இருக்கற ஸ்போரோபிளாசம், அதாவது தொத்தற செல், நழுவி புழுவோட சதைக்குள்ள நுழையும். ஜெல்லிமீன் இரையைக் குத்தறதுக்கு வச்சிருந்த ஆயுதத்தை இது கொக்கியா மாத்திக்கிச்சு.

இது ஒரு செல் உயிரி இல்லன்னு 1899லயே ஸ்டோல்ட்ஸ்னு ஒரு செக் விலங்கியல்காரர் சொல்லிட்டார், யாரும் பெருசா எடுத்துக்கல. டிஎன்ஏ வந்த பிறகு 1994ல 18எஸ்ங்கற ஒரு ஜீனைப் பார்த்து இது விலங்குன்னு காட்டினாங்க, அடுத்த வருஷமே நிடேரியாவுக்குள்ள, அதாவது ஜெல்லிமீன் பவளம் ஹைட்ரா இருக்கற கூட்டத்துக்குள்ள வைக்கணும்னு இன்னொரு குழு எழுதினது. அதுக்கு அப்புறமும் சண்டை நடந்தது, ஏன்னா இதோட ஜீன்கள் தாறுமாறா மாறிப்போனதால வம்ச மரம் வரைஞ்சா ஒரு தடவை புழு பக்கம் ஒட்டும், ஒரு தடவை ஜெல்லிமீன் பக்கம் ஒட்டும். 2015ல குடோவா இவாட்டையோட முழு ஜீனோமைப் பார்த்த பிறகுதான் வாதம் அடங்கிச்சு. அந்த ஜீனோம் வெறும் 22.5 மெகாபேஸ், அதாவது ரெண்டேகால் கோடி டிஎன்ஏ எழுத்து, விலங்குலயே ரொம்ப சின்ன ஜீனோம்ல ஒண்ணு. வாய் இல்ல, குடல் இல்ல, நரம்பு இல்ல, தேவையில்லாததை எல்லாம் வித்துட்டு வாடகை வீட்டுக்கு வந்த குடும்பம் மாதிரி.

அப்ப எப்படி இத்தனை வருஷம் ஒரு செல் உயிரின்னு நெனச்சாங்க?

பார்த்தவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஜெனீவா ஏரி மீன்ல 1825ல ஜுரீன் பார்த்து எழுதினார், 1841ல ஜோஹன்னஸ் முல்லர் இந்த ஸ்போர்களை சோரோஸ்பெர்ம்னு சொன்னார், 1880கள் ஆரம்பத்துல ப்யூட்ஷ்லி மிக்ஸோஸ்போரிடியான்னு பேர் வச்சார், மிக்ஸோபோலஸ்ங்கற ஜீனஸ் (பேரினம்) பேரும் அவர் குடுத்ததுதான். மீனுக்குள்ள வளர்றப்ப இது ஒரு பெரிய அமீபா மாதிரி பிளாஸ்மோடியம் (மலேரியா பிளாஸ்மோடியம் இல்ல), உள்ள நிறைய உட்கரு, கூடவே செல்லுக்குள்ள செல். ஸ்போரை மட்டும் எடுத்துக்கிட்டா ஓடு செய்யற செல் வேற, கேப்சூல் செய்யற செல் வேற, தொத்தற செல் வேற, இப்படி வேலை பிரிச்சு செய்யறது ஒரு செல் உயிரியே கிடையாதுன்னு இப்ப நமக்கு தெளிவா தெரியுது. ஆனா 1980ல வந்த புரோட்டோசோவா வகைப்பாட்டுல கூட ஏழு ஃபைலம்ல (பெரும் பிரிவுல) ஒண்ணா மிக்ஸோசோவா உக்காந்திருந்தது. எனக்குப் பாடம் எடுத்தவங்க வச்சிருந்த நோட்ஸும் அதுதான், பரீட்சைக்கு அப்படியே எழுதி மார்க்கும் வாங்கினேன்.

ரெண்டு கிளாஸ் இருந்தது ஒண்ணா ஆயிடுச்சுன்னு படிச்சேன், அது என்ன கதை?

இந்த சப்ஜெக்ட்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது.

முன்னாடி மிக்ஸோசோவாவுல ரெண்டு கிளாஸ், அதாவது வகுப்பு. மீன்ல இருக்கறது மிக்ஸோஸ்போரியா, புழுவுல இருக்கறது ஆக்டினோஸ்போரியா. ரெண்டாவது கூட்டத்து ஸ்போருக்கு பெரும்பாலும் மூணு மடிப்பு அமைப்பு, மூணு கேப்சூல், டிரையாக்டினோமிக்ஸன்னு ஒண்ணு கிணத்துல விழுந்த வாளியை எடுக்கற பாதாளக்கரண்டி மாதிரியே மூணு கை விரிச்சுக்கிட்டு தண்ணியில மெதக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா யாரும் சொந்தம்னு சொல்ல மாட்டாங்க.

ட்ரௌட் மீன் குஞ்சுகளுக்கு சுழல் நோய்னு ஒண்ணு வரும், தன் வாலையே துரத்தற மாதிரி சுத்திச் சுத்தி நீந்தும். காரணம் மிக்ஸோபோலஸ் செரிப்ராலிஸ், குருத்தெலும்பைத் தின்னுது. பேர்ல செரிப்ரம் இருந்தாலும் மூளைக்குள்ள அதுக்கு வேலை இல்ல, பேர் வச்ச காலத்துல தப்பா புரிஞ்சது அப்படியே நின்னுடுச்சு. விசித்திரம் என்னன்னா நோயுள்ள மீன்லேருந்து எடுத்த ஸ்போரை நேரா நல்ல மீனுக்குக் குடுத்தா நோய் வராது, அதையே குளத்துச் சேத்துல மாசக்கணக்குல போட்டு வச்சா வரும். சேத்துல ஸ்போர் 'பழுக்குது'ன்னு நெனச்சாங்க. அமெரிக்காவுல கென் வுல்ஃப், மரியா மார்க்கிவ் ரெண்டு பேரும் அந்தச் சேத்துல என்ன இருக்குன்னு துருவினாங்க, இருந்தது ட்யூபிஃபெக்ஸ் புழு. புழு ஸ்போரைத் தின்னுது, புழு குடல்ல அது உருமாறி டிரையாக்டினோமிக்ஸனா வெளிய வருது, அது மீன் தோல்ல ஒட்டி உள்ள போகுது. வேற வேற கிளாஸ்னு வச்சிருந்த ரெண்டும் ஒரே உயிரியோட ரெண்டு வேஷம்.

1984ல சயன்ஸ் பத்திரிகையில வந்தப்ப நிறைய பேர் நம்பல, புழு ஏற்கனவே அழுக்கா இருந்திருக்கும்னாங்க. மத்த ஆய்வகங்கள்லயும் திரும்பத் திரும்ப அதே வந்த பிறகு 1994ல ஆக்டினோஸ்போரியாங்கற கிளாஸையே மூடிட்டாங்க. டிரையாக்டினோமிக்ஸன், அவுரான்டியாக்டினோமிக்ஸன் எல்லாம் இப்ப ஜீனஸ் பேர் இல்ல, புழு ஸ்போரோட உருவத்தைச் சொல்ற பட்டப்பேர், அவ்வளவுதான். இன்னைக்கும் மீன் பாதி புழு பாதி ரெண்டும் பொருத்திக் காட்டின இனம் நூறு கூட இல்ல. பேர் வச்சது ரெண்டாயிரத்துக்கு மேல.

ஸ்போரைப் பார்த்து ஜீனஸ் எப்படி சொல்றது? லேப்ல இதைத்தான் கேக்கறாங்க.

முதல்ல ஓடு எத்தனைன்னு பாருங்க. ரெண்டு ஓடுன்னா பைவால்வுலிடா, அதுக்கு மேலன்னா மல்டிவால்வுலிடா. அடுத்தது கேப்சூல் எத்தனை, எங்க இருக்கு.

ரெண்டு கேப்சூல் ஒரே முனையில, ஓடு தட்டையா இருந்தா மிக்ஸோபோலஸ். அதே மாதிரி இருந்து ஒரே ஒரு கேப்சூல்னா தெலோஹனெல்லஸ், நம்ம ஊர் வளர்ப்புக் கெண்டைகள்ல இது நிறைய வரும். மிக்ஸோபோலஸ் மாதிரியே இருந்து பின்னாடி ரெண்டு நீள வால் போனா ஹென்னெகுயா. கேப்சூல் ரெண்டும் எதிர் எதிர் முனையில இருந்தா மிக்ஸிடியம். வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு, நடுவுல பொருத்துவாய்க்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கேப்சூல்னா செரடோமிக்ஸா, கடல் மீனோட பித்தப்பையில தேடுங்க. உருண்டையா இருந்தா ஸ்ஃபேரோஸ்போரா. ரெண்டு ஓட்டுக்குள்ள நாலு கேப்சூல்னா குளோரோமிக்ஸம். நாலு ஓடு நாலு கேப்சூல், மேலேருந்து பார்த்தா நட்சத்திரமோ நாலிதழ்ப் பூவோ மாதிரின்னா குடோவா.

ஸ்போரை ஒரு பக்கமா மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கவர் ஸ்லிப்பை லேசா ஒரு தட்டு தட்டினா ஸ்போர் உருளும், முன்பக்கம், பக்கவாட்டு, மேல் பார்வை மூணும் கிடைக்கும். நான் ஒரு தடவை பக்கவாட்டுல மட்டும் பார்த்துட்டு தெலோஹனெல்லஸ்னு எழுதிட்டேன், ஒரு கேப்சூல் இன்னொண்ணை மறைச்சிருந்தது, கைடு ஸ்லைடைத் தட்டிக் காட்டினார், ரெண்டு இருந்தது.

அப்ப வால் இருந்தாலே ஹென்னெகுயா, முடிஞ்சதா?

ஜீனஸ் கீயில, அதாவது அடையாளம் பார்க்கற பட்டியல்ல, ஆமா, வம்சத்துல இல்ல. டிஎன்ஏ மரம் வரைஞ்சா ஹென்னெகுயாவும் மிக்ஸோபோலஸும் சேலை நூல் மாதிரி பின்னிக் கிடக்கு, வால் பல தடவை தனித்தனியா வந்திருக்கு, போயும் இருக்கு. ஒரே கட்டிக்குள்ள வால் இல்லாத ஸ்போரோட நாலஞ்சு குட்டி வால் முளைச்ச ஸ்போர் இருக்கறதையும் பார்க்கலாம். தெலோஹனெல்லஸும் மிக்ஸோபோலஸுக்கு நடுவுலதான் வந்து உக்காருது.

இது மாதிரி கவுந்த அடையாளம் இன்னும் இருக்கு. அயோடின் போட்டா ஸ்போருக்குள்ள ஒரு வட்டம் பழுப்பா நிறம் ஏறும், கிளைகோஜன் சேர்த்து வச்ச இடம். அது தெரிஞ்சா மிக்ஸோபோலஸ், தெரியலன்னா மிக்ஸோசோமான்னு ரெண்டு ஜீனஸ் வச்சிருந்தாங்க. ஒரே இனத்துல சில ஸ்போர்ல நிறம் ஏறுது சிலதுல ஏறலன்னா என்ன பண்றது? 1968ல வாலிக்கர்னு ஒரு ஆய்வாளர் ரெண்டையும் ஒண்ணாக்கணும்னு எழுதினார், சுழல் நோய் ஒட்டுண்ணி மிக்ஸோசோமாலேருந்து மிக்ஸோபோலஸ் ஆனது இப்படித்தான். குடோவா பக்கத்துல அஞ்சு ஓடுன்னா பென்டாகாப்சுலா, ஆறுன்னா ஹெக்ஸாகாப்சுலா, ஏழுன்னா செப்டெம்காப்சுலான்னு எண்ணி எண்ணி ஜீனஸ் வச்சிருந்தாங்க, 2004ல டிஎன்ஏ பார்த்துட்டு எல்லாத்தையும் குடோவாவுக்குள்ளயே கொட்டிட்டாங்க.

ஸ்போர் உருவம் ஏமாத்துதுன்னா வேற எதை நம்பறது?

என் கருத்து, மூணு கேள்வி கேளுங்க: எந்தப் புழு, எந்த மீன், மீனோட உடம்புல எந்த இடம். ஸ்போர் உருவம் அதோட உடுப்பு. மெதக்கணுமா, சேத்துல முங்கணுமா, எந்தப் புழு வாய்ல போகணுமோ அதுக்கு ஏத்த மாதிரி தைச்சுக்கும்.

டிஎன்ஏ மரத்துல மிக்ஸோஸ்போரியா பெரிய பெரிய கிளையா பிரியறது புழுவை வச்சுத்தான் அழகா பொருந்துது. ட்யூபிஃபெக்ஸ் மாதிரி ஒலிகோகீட் புழுவுல வாழறது ஒரு பக்கம், பெரும்பாலும் நன்னீர். பாலிகீட், அதாவது உடம்போரம் நிறைய மயிர் வச்ச புழுவுல வாழறது இன்னொரு பக்கம், பெரும்பாலும் கடல். ஸ்ஃபேரோஸ்போராவோட அசல் கூட்டம் தனிக் கிளை. குளோரோமிக்ஸம் ஒரே ஜீனஸ்னு வச்சிருக்கோம், ஆனா அந்த ஜீனஸுக்கே அடையாளமா வச்ச இனம் இருக்கறது சுறா திருக்கை பித்தப்பையில, நன்னீர் மீன்ல இருக்கற குளோரோமிக்ஸம் அதோட ஒட்டவே இல்ல. நாலு கேப்சூல் ரெண்டு பக்கமும் தனித்தனியா வந்ததுன்னு அர்த்தம்.

இடம்ங்கறதும் சாதாரண விஷயம் இல்ல. பித்தப்பை, சிறுநீர்ப்பை மாதிரி உள்கூட்டுல மெதக்கறது ஒரு ஜாதி, சதை செவுள் தோல்னு திசுவுக்குள்ள கட்டி கட்டறது இன்னொரு ஜாதி. ஹங்கேரில மோல்னார் கால்மான் செவுள்ல மட்டுமே எந்த எந்த இடம்னு 2002ல பிரிச்சுக் காட்டினார், பெரிய இழையோட ரத்தக் குழாய்க்குள்ளயா, குருத்தெலும்பு மேலயா, சின்னத் தகட்டுலயான்னு. ஸ்போர் ஒரே மாதிரி இருந்து ஒண்ணு தகட்டுலயும் இன்னொண்ணு இழை நுனியிலயும் இருந்தா பெரும்பாலும் ரெண்டு வேற இனம்தான், டிஎன்ஏவை சீக்வென்ஸ் பண்ணிப் பார்த்தா தெரியும். பழைய கட்டுரைங்கள்ல 'செவுள்' னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பாங்க, படிக்கறப்ப கடுப்பா வரும்.

மலாக்கோஸ்போரியான்னா?

2000ல தனியா பிரிச்ச சின்ன கிளாஸ். இதுக்கு புழு வேணாம், பிரையோசோவா போதும், குளத்துல குச்சி மேல பாசி மாதிரி படர்ற குட்டி விலங்குக் கூட்டம் அது. ஸ்போருக்கு கெட்டி ஓடு இல்ல, மெத்துன்னு இருக்கும்.

இதுல புடென்பிராக்கியான்னு ஒண்ணு இருக்கு. பிரையோசோவாவைக் கீறினா உள்ளேருந்து ஒண்ணு ரெண்டு மி.மீ. நீள வெள்ளைப் புழு நெளிஞ்சுக்கிட்டு வரும், நாலு தசைக் கட்டு நீளவாக்குல, ஆனா வாய் குடல் மூளை எதுவும் இல்ல. 1850ல பார்த்தது, என்ன ஜாதின்னு ஒன்றரை நூற்றாண்டா யாருக்கும் தெரியல. 2002ல இதுவும் மிக்ஸோசோவான்னு ஆச்சு, 2007ல ஜெல்லிமீன் சொந்தம்ங்கறதுக்கு இதோட ஜீன்களே சாட்சி. புழு மாதிரி இருந்தா புழுன்னு யார் சொன்னது!

டெட்ராகாப்சுலாய்டஸ் பிரையோசால்மோனேயும் இந்த கிளாஸ்தான், சால்மன் ட்ரௌட்டோட கிட்னியை வீங்க வைக்கும். 2016 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் ஆத்துல ஆயிரக்கணக்குல மவுன்டன் ஒயிட்ஃபிஷ் செத்து மெதந்தது இதாலதான், மொன்டானா அரசு கிட்டத்தட்ட 295 கி.மீ. ஆத்தை படகு தூண்டில் எல்லாத்துக்கும் மூடிச்சு. தண்ணி சூடும் குறைஞ்ச ஓட்டமும் சேர்ந்தப்பதான் இவ்வளவு சாவு.

ஒரே ஒட்டுண்ணிக்கு நாலு பேர் இருக்கே, எதைத் தேடறது?

எல்லாத்தையும் தேடுங்க, வேற வழி இல்ல. மேல சொன்ன கிட்னி ஒட்டுண்ணியே முதல்ல பிகேஎக்ஸ், அதாவது கிட்னி நோய் பண்ற ஏதோ ஒரு எக்ஸ். 1999ல டெட்ராகாப்சுலா, 2002ல டெட்ராகாப்சுலாய்டஸ். அமெரிக்காவுல கிளாமத் ஆத்து சால்மனைக் கொல்றது செரடோமிக்ஸா ஷாஸ்டான்னு ரொம்ப காலம் இருந்தது, வாழைப்பழ உருவத்தைப் பார்த்து வச்ச பேர், 2014ல செரடோநோவா ஆயிடுச்சு. கடல் ப்ரீம் வளர்ப்புல குடலை அரிக்கற மிக்ஸிடியம் லீயை 2002ல என்டெரோமிக்ஸம் லீயா மாத்தினாங்க. இந்த என்டெரோமிக்ஸம் ஒரு வில்லன், புழு இல்லாமலே மீன்லேருந்து மீனுக்கு நேரா தொத்தும், எல்லா விதிக்கும் ஒரு விலக்கு இருக்கும் இல்ல.

மூச்சே விடாத விலங்குன்னு செய்தியில வந்ததே, அது இதா?

அதே. ஹென்னெகுயா சால்மினிகோலா, பசிஃபிக் சால்மனோட சதையில வெள்ளை வெள்ளையா கட்டி கட்டும், அங்க அதுக்கு டாபியோகா நோய்னு பேரு, நம்ம பாஷையில ஜவ்வரிசி நோய். சதையை வெட்டினா நிஜமாவே பாயசத்துலேருந்து எடுத்துப் பதிச்ச மாதிரிதான் இருக்கும். 2020ல டெல் அவிவ் பல்கலைக்கழகக் குழு இதுக்கு செல்லுக்கு சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியாவோட ஜீனோமே இல்லன்னு காட்டினாங்க, விலங்குல இப்படி ஒண்ணு அதுவரைக்கும் தெரியாது. மைட்டோகாண்ட்ரியா மாதிரி ஒரு உறுப்பு இன்னும் இருக்கு, ஆனா ஆக்ஸிஜனை எரிக்கத் தேவையான ஜீன்கள் போயிடுச்சு. அதே ஆய்வுல பக்கத்து சொந்தம் மிக்ஸோபோலஸ் ஸ்குவாமாலிஸையும் பார்த்தாங்க, அதுக்கு ஜீனோம் பத்திரமா இருந்தது. அதனால மிக்ஸோசோவா எதுவுமே மூச்சு விடாதுன்னு எழுதறதெல்லாம் தப்பு.

மொத்தம் எத்தனை இனம்?

லோம், டிகோவாங்கற ரெண்டு ஆய்வாளர்களும் 2006ல கணக்கெடுத்தப்ப 62 ஜீனஸ், கிட்டத்தட்ட 2,200 இனம். மிக்ஸோபோலஸ் மட்டும் 1991 பட்டியல்ல 444, 2005 பட்டியல்ல 744, 2014ல இன்னும் 112 சேர்ந்தது. அப்புறமும் ஏறிக்கிட்டேதான் இருக்கு. இந்தியாவுல கட்லா ரோகு மிர்கால்லேருந்து மட்டுமே ஏகப்பட்டது விவரிச்சிருக்காங்க, ஆனா பழசு நிறைய கோட்டுப் படமும் அளவும் மட்டும்தான், சீக்வென்ஸ் கிடையாது, அதனால ரெண்டு பேர் ஒரே இனமா, ஒரே பேர்ல ரெண்டு இனமான்னு திரும்ப மீன் பிடிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

மீன் சாப்பிட்டா நமக்கு வருமா?

குழம்பு வச்சோ பொரிச்சோ சாப்பிட்டா கவலையே வேணாம். பச்சையா சாப்பிடற இடத்துல ஒண்ணு இருக்கு, ஜப்பான்ல ஃபிளவுண்டர் மீன் பச்சையா சாப்பிட்டவங்களுக்கு சில மணி நேரத்துல வாந்தி பேதி வந்தது, காரணம் குடோவா செப்டெம்பங்க்டேட்டா, 2010ல பேர் வச்ச இனம். தானா சரியாயிடும் பெரும்பாலும். மைனஸ் 20 டிகிரியில நாலு மணி நேரம் ஃப்ரீஸ் பண்ணாலோ 75 டிகிரியில அஞ்சு நிமிஷம் சூடு பண்ணாலோ செத்துடும். குடோவா தைர்சைட்டிஸ்னு இன்னொண்ணு மனுஷனை ஒண்ணும் பண்ணாது, ஆனா மீன் செத்த பிறகு அதோட என்ஸைம் சதையைக் கூழாக்கிடும், ஃபில்லே போட்டு விக்கறவங்களுக்கு நஷ்டம்.

அக்வேரியத்துக்கு உயிர் ட்யூபிஃபெக்ஸ் போடலாமா?

கொளத்தூர் பக்கம் கலர் மீன் கடைங்கள்ல சிவப்பா உருண்டையா நெளிஞ்சுக்கிட்டு இருக்குமே, அதே புழுக்கூட்டம்தான் மேல சொன்ன கதையோட ஹீரோ. ஆனா பயந்துடாதீங்க, சுழல் நோய் ஒட்டுண்ணிக்கு ட்ரௌட் சால்மன் ஜாதிதான் வேணும், உங்க கப்பிக்கு வராது. கோல்ட்ஃபிஷ்ஷுக்கு கிட்னி வீங்கற ஹோஃபெரெல்லஸ் கராசியை மாதிரி அதுக்கு அதுக்குன்னு ஒண்ணு இருக்கு. உள்ள போன பிறகு கடையில வாங்கி ஊத்தற மருந்து எதையும் நான் நம்ப மாட்டேன், அதனால சந்தேகம் இருந்தா உயிர்ப் புழுவை விட்டுடுங்க. குளம் வச்சிருக்கவங்களுக்கு வழி பழசுதான், வத்த விட்டு, சேத்தை வாரி, சுண்ணாம்பு போட்டுக் காயவைக்கறது. புழு குறைஞ்சா சுழற்சி அறுபடும்.

இப்போதைக்கு சரியான வகைப்பாடு என்னன்னு எழுதணும்?

ஃபைலம் நிடேரியா, அதுக்குள்ள மிக்ஸோசோவா, அதுக்குள்ள மிக்ஸோஸ்போரியா, மலாக்கோஸ்போரியான்னு ரெண்டு கிளாஸ். இதுக்குப் பக்கத்து வீடு பாலிபோடியம், ஸ்டர்ஜன் மீனோட முட்டைக்குள்ள, அதாவது விலை உயர்ந்த கேவியருக்குள்ள வளர்ற நிடேரியா, உள்வெளியா புரண்டு வளரும், முட்டை போடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி திரும்பவும் புரண்டு சரியாகிக்கும். பாலிபோடியத்தையும் மிக்ஸோசோவாவையும் சேர்த்து எண்டோநிடோசோவான்னு சொல்றாங்க. ஆர்டர் குடும்பம் எல்லாம் இன்னும் ஸ்போரை வச்சே எழுதறாங்க, டிஎன்ஏ மரத்தோட ஒத்துப் போகாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா மைக்ராஸ்கோப் முன்னாடி உக்காந்தவனுக்கு ஒரு கீ வேணும் இல்ல. பரீட்சையில புரோட்டோசோவான்னு கேட்டிருந்தா என்ன பண்றதுன்னு என்னைக் கேக்காதீங்க.

என் குளத்து மீன் செவுள்ல வெள்ளைக் கட்டி இருக்கு, போட்டோ பார்த்து பேர் சொல்ல முடியுமா?

முடியாது. ஜீனஸ் வேணா ஸ்போர் போட்டோ நல்லா இருந்தா சொல்லலாம். பேர் வேணும்னா முதல்ல மீன் எதுன்னு சரியா எழுதி வைங்க, கட்டி இழை நுனியிலயா நடுவுலயா அடியிலயான்னு குறிச்சுக்கோங்க. ஸ்போரை உயிரோட இருக்கறப்பவே அளக்கணும், முப்பதாவது அளக்கணும், நீளம் அகலம் தடிமன், கேப்சூல் நீளம், உள்ள குழல் எத்தனை சுத்து. பாதிக் கட்டியை ஆல்கஹால்ல போடுங்க, அது டிஎன்ஏவுக்கு. மிச்சத்தை ஃபார்மலின்ல போடுங்க, அது திசு வெட்டிப் பார்க்க. ரெண்டு பாட்டில்லயும் பென்சில்ல எழுதி லேபிளை உள்ள போடுங்க. நான் மார்க்கர்ல வெளிய எழுதி, ஆல்கஹால் சிந்தி அழிஞ்சு, எது எதுன்னு தெரியாம பதினொரு கட்டியையும் மொத்தமா ஃபார்மலின் பாட்டில்ல கொட்டிட்டேன், அதுலேருந்து ஒரு சீக்வென்ஸ் கூட வரல, அந்த மீனைத் திரும்பப் பிடிக்க அடுத்த மழைக்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன்.